காட்சி அலமாரிக்கு ஐந்து மூட்டு போதுமா, முப்பது வேணுமா?

#1 படிக்கட்டு_பாலா

வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் எழுதறேன். ஹால் சுவரை ஒட்டி கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒண்ணு செஞ்சு வாங்கியிருக்கேன். உள்ளளவு 90 செ.மீ. அகலம், மூணு தட்டு, தட்டுக்குத் தட்டு 25 செ.மீ. உயரம், ஆழமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முழுக்க ஸ்டார் வார்ஸ் ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது கை கால் அசையற ஆள் பொம்மை, அதுவும் முதல்ல வந்த மூணு படத்து ஆட்கள் மட்டும்.

குழப்பம் இதுதான். ஒரு பக்கம் ஹாஸ்ப்ரோ கம்பெனி 2019-ல ஆரம்பிச்ச ரெட்ரோ கலெக்‌ஷன். மூணேமுக்கால் அங்குலம், முதல்ல ஸ்டார் வார்ஸ் பொம்மை போட்ட கென்னர் கம்பெனியோட பழைய பொம்மை மாதிரியே தலை, ரெண்டு தோள், ரெண்டு தொடை, இவ்வளவுதான் அசையும். இன்னொரு பக்கம் அவங்களோட பிளாக் சீரிஸ். ஆறு அங்குலம், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால்னு எல்லாம் மடங்கும். நான் படம் எடுக்கற ஆள் இல்ல. வச்சா வச்ச இடம்தான், தூசி தட்டும்போது மட்டும் கை படும். இப்படிப்பட்டவன் அத்தனை மூட்டுக்குக் காசு கொடுக்கறது வீணா? மாதிரிக்கு ரெண்டு வகையிலயும் கொஞ்சம் வாங்கிப் பாத்துட்டேன், முடிவுக்கு வர முடியல. ஒரே தட்டுல கலந்து வைக்கவும் மனசு வரல. ஆறு அங்குல வேடர் பக்கத்துல சின்ன லூக் நின்னா எல்.கே.ஜி. படிக்கிற பையன் மாதிரி தெரியறான்.

#2 மூட்டுவலி

பாலா, கேள்வியையே நான் திருப்பிப் போடறேன். படம் எடுக்கறவனுக்கு மூட்டு குறைவா இருந்தாக்கூடச் சமாளிச்சிடலாம். கோணத்தை மாத்துவான், கால் தெரியாம வெட்டுவான். அலமாரியில வைக்கறவனுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு போஸ் மாசக்கணக்கா கண்ணு முன்னால நிக்கப் போகுது. அது சரியா இல்லன்னா தினமும் உறுத்தும்.

போஸ்னா பாய்ச்சல், பறத்தல், உதைனு நினைச்சுக்காதீங்க. சும்மா நிக்கறதையே எடுத்துக்குவோம். மனுஷன் நிக்கும்போது எடை ஒரு கால்ல இருக்கும், இடுப்பு லேசா சாயும், ஒரு தோள் இறங்கும், தலை எங்கயாவது பாக்கும். ஐந்து மூட்டு ஆளுக்குக் கால் முன்னும் பின்னும்தான் போகும், அகட்ட முடியாது. கழுத்து இடவலமா திரும்பும், மேல கீழ பாக்காது. உங்க கீழ்த் தட்டு முழங்கால் உயரத்துல இருக்குன்னு வையுங்க, அங்க நிக்கற அத்தனை பேரும் உங்க முட்டியைத்தான் பாத்துட்டு இருப்பாங்க. பந்துமூட்டுக் கழுத்துன்னா தலையை லேசா நிமிர்த்தி விட்டா போதும், அவங்க உங்க முகத்தைப் பாப்பாங்க.

அடுத்தது ஆயுதம். வாளை ரெண்டு கையால பிடிக்கிற லூக் வேணும்னா முழங்கை மடங்கியே ஆகணும், மார்புக்கு முன்னால கை உள்ள வரணும். ஐந்து மூட்டுல ரெண்டு கையும் தண்டவாளம் மாதிரி இணையா நீளும். வேடரும் லூக்கும் மோதற காட்சியை அதுல வச்சுக் காட்டுங்க பாக்கலாம்.

#3 ஐந்துபோதும்

கொலுவுல செட்டியார் பொம்மைக்கு முழங்கை மடங்கலையேன்னு இதுவரைக்கும் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்ல.

#4 மூட்டுவலி

செட்டியார் கையில லைட்சேபர் வாளைக் கொடுத்துப் பாருங்க, அப்ப சொல்வாங்க.

#5 ஓரிங்_ராஜா

ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கோங்க, நடுவுல நான் கொஞ்சம் பழைய கதை சொல்லிக்கறேன். இந்த விஷயத்துக்கு அது வேணும்.

1964-ல ஹாஸ்ப்ரோ ஜி.ஐ. ஜோங்கற சிப்பாய் பொம்மையைக் கொண்டு வந்தப்போ அது கிட்டத்தட்ட 12 அங்குலம். 21 அசையும் பாகங்கள்னு விளம்பரமே பண்ணாங்க. அதாவது முதல் ஆக்‌ஷன் ஃபிகரே நிறைய மூட்டு வச்சதுதான். ஆனா அந்த மூட்டு எல்லாத்துக்கும் மேல துணி யூனிஃபார்ம் இருந்துச்சு. வெட்டும் ஆணியும் யார் கண்ணுக்கும் படல.

அப்புறம் கென்னர். 1977-ல ஸ்டார் வார்ஸ் படம் வந்தப்போ பொம்மை தயாரா இல்ல. கிறிஸ்துமஸுக்கு வெறும் அட்டையும் கூப்பனும்தான் வித்தாங்க, பொம்மை 1978-லதான் கைக்கு வந்துச்சு. மூணேமுக்கால் அங்குலமா சுருக்கினதுக்கு வாகனங்கள் ஒரு பெரிய காரணம். 12 அங்குல ஆள் உக்கார்ற மாதிரி மில்லேனியம் ஃபால்கன் விண்கப்பலைச் செஞ்சா அது பொம்மையா இருக்காது, கட்டிலா இருக்கும். ஆக அந்த ஐந்து மூட்டும் ஒரு வேலைக்கு வச்சது. தொடை மடங்கினா காக்பிட்டுல உக்காரும், தோள் தூக்கினா துப்பாக்கி நீட்டும். பசங்க கைக்கு அது போதும்னு கணக்குப் போட்டாங்க. காட்சிக்கு வைக்கற அழகுனு யாரும் அப்ப யோசிச்சிருக்க மாட்டாங்க, நாம பின்னால ஏத்திச் சொல்றது அது.

சின்ன சைஸ்ல நிறைய மூட்டு வைக்க முடியாதுன்னும் சொல்ல முடியாது. 1982-ல ஹாஸ்ப்ரோவே ஜி.ஐ. ஜோவை அதே மூணேமுக்கால் அங்குலத்துல திரும்பக் கொண்டு வந்துச்சு. முழங்கை, முழங்கால், இடுப்பு எல்லாம் மடங்கும். 1983-ல மேற்கையும் சுழல ஆரம்பிச்சது. நம்ம ஊர்ல சின்ன வயசுல ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ வச்சு விளையாடினவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். எம்.ஆர்.எஃப்-பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல தொடங்கின கம்பெனி, தலைமையகம் சென்னை, தொழிற்சாலை கோவாவுல. அமெரிக்காவுல வராத கலர்ல எல்லாம் இங்க வந்துச்சுன்னு இன்னிக்கு வெளிநாட்டு ஆட்கள் தேடி வாங்கறாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த ஜோ உடம்பை நடுவுல பிடிச்சு வச்சிருக்கறது ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அந்தக் காலத்துக்கு அற்புதமான யோசனை. ஆனா ரப்பர் காயும். யாரும் தொடலைன்னாலும் ஒருநாள் அலமாரிக்குள்ளயே வளையம் அறுந்து ஆள் மேல் பாதி கீழ் பாதியா கிடப்பான். முதுகுல இருக்கற திருகைக் கழட்டி, பிளம்பிங் கடையில அளவு பாத்து வளையம் வாங்கி மாட்டிக்கலாம், பெரிய செலவு இல்ல. பெருவிரல் உடைஞ்சா, இடுப்புத் துண்டு உடைஞ்சாதான் கஷ்டம். கென்னர் ஆளுக்கு இந்தத் தொந்தரவே கிடையாது. தோள் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான்.

#6 சிற்பி_சிங்கை

ராஜா அண்ணே, துணிக்குள்ள மூட்டு மறைஞ்சதுன்னு சொன்னீங்க பாருங்க, என் கணக்குல இந்த இழைக்கு விடையே அங்கதான் இருக்கு.

மூட்டு வைக்கிறதுன்னா சிற்பத்தை வெட்டறது. களிமண்ல ஒருத்தர் புஜத்துல இருந்து முன்கை வரைக்கும் ஒரே ஓட்டமா செதுக்கி வச்சதை, முழங்கைல ரெண்டு இடத்துல அறுத்து நடுவுல ஒரு துண்டு சொருகறோம். கை நேரா இருக்கும்போது கோடு தெரியும், மடக்கினா நடுத்துண்டு பிதுங்கும். மார்புக்குக் கீழ வயிறு வளையறதுக்காக வெட்டினா வயித்துத் தசை ரெண்டு அடுக்காயிடும். சட்டை போடாத உடம்புல இதை மறைக்கவே முடியாது. டாய் பிஸ் கம்பெனி 2002-ல மார்வெல் லெஜெண்ட்ஸ்னு சூப்பர் ஹீரோ வரிசை ஆரம்பிச்சப்போ எல்லாரும் வாயைப் பிளந்து பாத்தோம், விரல்கூட மடங்குது, பாதத்துல கட்டைவிரல் பக்கம்கூட மடங்குது. இன்னிக்கு அந்தக் கால ஹல்க்கை எடுத்துப் பாத்தா முழங்கைல ஆணி வட்டம்தான் முதல்ல கண்ணுல படுது. பின்னால ஆணி தெரியாத மூட்டு வந்துச்சு, அது பெரிய முன்னேற்றம்தான். ஆனா வெட்டு வெட்டுதான்.

இதுக்கு நேர் எதிரா மெக்ஃபார்லேன் கம்பெனி இருந்தாங்க. 1994-ல ஸ்பான் பொம்மையோட வந்தவங்க, 1998-ல மூவி மேனியாக்ஸ்னு சினிமா ஆட்கள் வரிசை போடும்போது கிட்டத்தட்ட பிளாஸ்டிக் சிலைதான். கை லேசா திரும்பும். ஒரே போஸ், ஆனா அந்தப் போஸ்ல சுருக்கம், தையல், காயம் எல்லாம் அப்படியே இருக்கும். காட்சிக்குன்னா இன்னிக்கும் எனக்கு அதுதான் அழகு.

அதனால பாலா, எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைக்காதீங்க. ஆளைப் பாத்து முடிவு பண்ணுங்க. ஸ்டார்ம்ட்ரூப்பருக்குக் கவசமே துண்டு துண்டா, நடுவுல கறுப்பு உள்ளாடை. மூட்டு அந்தக் கறுப்புக்குள்ள போயிடும், வெட்டே தெரியாது. போபா ஃபெட், சி-3பிஓ, ஐஜி-88 எல்லாம் இதே கதைதான். சூபாக்கா ரோமத்துல எதை வேணா ஒளிச்சு வைக்கலாம். இந்த ஆட்களுக்கு மூட்டு எத்தனை வேணா இருக்கட்டும், அழகு கெடாது.

இப்ப ஜாவாவை எடுங்க. தரை வரைக்கும் அங்கி. உள்ள முழங்கால் மடங்கினா என்ன, மடங்காட்டி என்ன? முதல் படத்து லேயா, நீளப் பாவாடை, அதுவும் பிளாஸ்டிக்ல வார்த்திருந்தா உள்ள இருக்கற கால் அசையவே இடம் இருக்காது. ஓபி-வான், பேரரசர், எல்லாம் அங்கி கேஸ். இவங்களுக்கு மூட்டுக்குக் காசு கொடுக்கறது அறை பூட்டிக் கிடக்க ஏ.சி. போடற மாதிரி.

#7 மூட்டுவலி

அங்கிக்காரங்க விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா அங்கியைத் துணியில தைச்சுப் போட்டா? ஓபி-வான் உக்காரலாம், குனியலாம், கையை உயர்த்தலாம். பிளாஸ்டிக் அங்கிதான் பிரச்சனை, மூட்டு இல்ல.

#8 சிற்பி_சிங்கை

இந்த சைஸ்ல துணி மடிப்பு விழறதைப் பாத்திருக்கீங்களா? மெல்லிசா இருந்தாலும் ஆளுக்குக் கம்பளி போத்தின மாதிரி உப்பி நிக்கும். ஓரத்துல கம்பி வச்சுத் தைச்சிருந்தா ஓரளவு பரவாயில்ல.

#9 படிக்கட்டு_பாலா

இவ்வளவு பதில் எதிர்பாக்கல, நன்றி. ஒரு உப கேள்வி. என்கிட்ட வேற ஒரு கம்பெனியோட ஏழு அங்குல வில்லன் ஒருத்தர் இருக்கார், மூட்டு ஏகப்பட்டது. மே மாசம் வரைக்கும் நிமிர்ந்து நின்னவர் மெல்ல முன்னால சாய ஆரம்பிச்சார். ஒருநாள் காலையில பாத்தா முன் வரிசையையே இழுத்துட்டு விழுந்து கிடக்கார். இது மூட்டு நிறைய இருக்கறதால வர்றதா, வெயிலால வர்றதா?

#10 அச்சு_மணி

ரெண்டும்தான். நான் ஓசூர்ல இன்ஜெக்‌ஷன் மோல்டிங் யூனிட்ல வேலை பாக்கறேன். பொம்மை இல்ல, வண்டி உதிரி பாகம். ஆனா பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தானே.

ஒரு ஃபிகர்ல சாதாரணமா ரெண்டு மூணு வகை பிளாஸ்டிக் இருக்கும். கெட்டியா இருக்க வேண்டிய உடம்புப் பாகம் ஏபிஎஸ். முடி, கேப், கை, பல சமயம் கால்கூட மெதுவான பிவிசி. நல்ல தயாரிப்புல மூட்டுக்குள்ள இருக்கற முளை பிஓஎம், நம்ம கியர் சக்கரம் செய்யற அதே பொருள், தேயாது, வழுக்கிட்டுத் திரும்பும். பிவிசி-யை மெதுவாக்க ஒரு எண்ணெய்ப் பொருள் கலப்பாங்க. அதனாலதான் சூட்டுல இளகுது. இளகின பொருள் மேல எடை உக்காந்தா கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சுட்டே போகும், எடையை எடுத்தாலும் தானா திரும்பாது. மொத்த எடையும் இறங்கற இடம் கணுக்கால். அந்த மெல்லிய இடத்துல முன்பின் மடங்க ஒரு கீல், பக்கவாட்டுல ஆட ஒரு முளை ரெண்டையும் திணிச்சா அங்க மிச்சம் இருக்கற பிளாஸ்டிக் ரொம்பக் கொஞ்சம். தலை பெருசு, தோள் அகலம், கையில ஆயுதம் வேற இருந்தா, சாயாம என்ன செய்யும்?

ஐந்து மூட்டு ஆளுக்குக் கால் ஒரே கட்டை. எடையும் குறைவு. அதனால அதிகம் சாயறதில்ல. விழறது வேற காரணத்தால, பாதம் சின்னது, அலமாரிக் கதவை வேகமா சாத்தினா போதும்.

சாய்ஞ்சவரை நிமிர்த்தணும்னா கொதிக்கற தண்ணி வேணாம், கை பொறுக்கற சூட்டுக்குக் கொஞ்சம் மேல இருந்தா போதும். கணுக்காலை முக்கி, நேராக்கி, அப்படியே பிடிச்சு உடனே குளிர்ந்த தண்ணியில வையுங்க. தளர்ந்த மூட்டுக்குள்ள நிறமில்லாத நகப்பூச்சு மெல்லிசா ஒரு பூச்சு, முழுசா காய்ஞ்சப்புறம் மாட்டுங்க. இறுகின மூட்டைப் பலம் கொண்டு திருகவே கூடாது. பல சமயம் பெயின்ட் ஒட்டிக்கிட்டு இருக்கும், ஹேர் டிரையர் காட்டினா விட்டுக் கொடுக்கும். எண்ணெய் விடணும்னா சிலிகான் எண்ணெய் மட்டும்.

இன்னொண்ணு, அலமாரிக்குள்ள எல்இடி பட்டை ஒட்டப் போறீங்கன்னா அதோட டிரான்ஸ்ஃபார்மரை வெளியில வையுங்க. கண்ணாடிக் கதவு மூடின பெட்டிக்குள்ள சூடு வெளியே போக வழி இல்ல. பிவிசி பிசுபிசுப்பாகறதும் காத்தே போகாத இடத்துலதான் அதிகம். அப்பப்போ கதவைத் திறந்து வச்சு, பிசுபிசுத்தா சோப்புத் தண்ணியில கழுவிடுங்க. மேற்கு வெயில் படற சுவரா இருந்தா இடத்தை மாத்துங்க.

தொழில்காரனா ஒரு கணக்கும் சொல்லிடறேன். மூட்டு ஒண்ணு கூடினா அச்சுல பாகம் கூடும், பொருத்தற கை வேலை கூடும், ஒவ்வொரு துண்டுக்கும் தனியா பெயின்ட் அடிக்கணும், துண்டுக்குத் துண்டு நிறம் மாறாம பாத்துக்கணும். விக்கிற விலை ஏற்கெனவே முடிவானதுன்னா இந்தச் செலவை எங்க மிச்சம் பிடிப்பாங்க? பெரும்பாலும் பெயின்ட்லதான். முட்டி மட்டும் ஒரு நிறம், தொடை ஒரு நிறமா வர்றதெல்லாம் அப்படித்தான்.

#11 ஐந்துபோதும்

மணி சார் சொன்ன கடைசிப் பத்தியை ஃபிரேம் போட்டு மாட்டணும்.

என் பக்கத்து நியாயமும் கேளுங்க. என் அலமாரியும் பாலாவோட அகலம்தான். மூணேமுக்கால் அங்குல ஆள் ஒருத்தருக்கு 5 செ.மீ. விட்டா ஒரு வரிசையில 18 பேர். பின்னால அக்ரிலிக் படி வச்சு மூணு வரிசை ஏத்தினா ஒரே தட்டுல ஐம்பது பேருக்கு மேல வந்துடறாங்க. கென்னர் 1978-ல இருந்து 1985 வரைக்கும் போட்டதே 90-க்குக் கொஞ்சம் மேலதான், ரெண்டு தட்டுல மொத்தப் பேரும் அடங்கிடுவாங்க. ஆறு அங்குலக்காரர் சும்மா நின்னாலே 8 செ.மீ. கேப்பார், கையைக் காலை அகட்டினா 14, 15 செ.மீ. போயிடும். ஒரு வரிசைக்கு ஆறு பேர்.

கூட்டம் ஒரே மாதிரி நிக்கறதுல ஒரு கம்பீரம் இருக்கு. எல்லாரும் நேரா, முன்னால பாத்து, கையைத் தொங்கவிட்டு. நிறமும் உருவமும்தான் வேறுபடுது. கண்ணு தானா ஒவ்வொருத்தரா படிச்சிட்டுப் போகும். ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு போஸ்ல குதிச்சா தட்டு சந்தைக்கடை ஆயிடும்.

#12 தர்ஷினி_ரொறன்ரோ

எல்லாரும் ரெண்டு வழிதான் இருக்கெண்டு கதைக்கிறியள். மூண்டாவது ஒண்டு இருக்கு, ஒருத்தரும் சொல்லேல்ல. விண்டேஜ் கலெக்‌ஷன். ஹாஸ்ப்ரோ 2010-ல தொடங்கினது. அளவு அதே மூணேமுக்கால் அங்குலம், அட்டையும் பழைய கென்னர் அட்டை மாதிரித்தான், ஆனா முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாம் மடங்கும். ஐந்துபோதும் அண்ணை சொன்ன கூட்டக் கணக்கும் வரும், மூட்டுவலி கேக்கிற நிலையும் வரும்.

2013-ல நடந்தது ஞாபகம் இருக்கோ? ஹாஸ்ப்ரோ சின்னப் பிள்ளையளுக்கெண்டு ஐந்து மூட்டு மலிவுச் சாமானையும், சேகரிப்பாளருக்கெண்டு பிளாக் சீரிஸையும் பிரிச்சு விட்டவை. அப்ப இங்க எல்லாரும் கொதிச்சவை, மூட்டைக் குறைச்சு ஏமாத்தினம் எண்டு. கொஞ்ச வருசத்தில அதே ஆக்கள் ரெட்ரோ கலெக்‌ஷனுக்கு வரிசையில நிண்டவை. அப்ப கோவம் மூட்டு எண்ணிக்கையில இல்லை. மலிவா வந்த அந்தச் சாமானில முகமும் பெயின்ரும் கவனமாச் செய்யேல்ல, அதுதான்.

இன்னொண்டு சொல்லுறன். பிளாக் சீரிஸ் வடிவா இருக்கு எண்டு சனம் சொல்லுறதில பாதி முகம். 2010-களின்ர கடைசியில முகத்தைக் கையால தீட்டாமல் டிஜிட்டலா அச்சடிக்கத் தொடங்கினாப் பிறகுதான் கண்ணும் புருவமும் மனிசர் மாதிரி வந்தது. முதல் வருசங்களில வந்த ஆக்களை எடுத்துப் பாருங்கோ, மூட்டு அதேதான், முகம் பொம்மை முகம். டிஜிட்டல் அச்சுக்குக் குடுக்க வேண்டிய புகழை மூட்டு வாங்கிக்கொண்டு போகுது.

#13 மூட்டுவலி

தர்ஷினி அக்கா சொன்ன முகக் கதை சரி. மணி சார் சொன்ன கணுக்கால் கதைக்கு மட்டும் பதில் சொல்லணும்.

மூட்டு சாயறது எண்ணிக்கையால இல்ல, தரத்தால. ஜப்பான் கம்பெனி கையோடோ 2006-ல ரெவோல்டெக்னு ஒரு வரிசை கொண்டு வந்தாங்க. உள்ள பல்லு வச்ச மூட்டு, திருப்பினா டக் டக்குனு நிக்கும், அந்த இடத்தை விட்டு நழுவாது. 2008-ல மேக்ஸ் ஃபேக்டரியோட ஃபிக்மாவும் பண்டாயோட எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸும் வந்துச்சு. ஃபிக்மாவுல பெட்டிக்குள்ளயே மடங்கற கையோட ஸ்டாண்டு கொடுத்துடறாங்க. முதுகுல சொருகிட்டா கணுக்காலுக்கு எடையே போகாது. ஸ்டாண்டு இல்லாம ஒல்லிக் காலை நிக்க வச்சுட்டு மூட்டைத் திட்டினா எப்படி?

#14 அச்சு_மணி

ஸ்டாண்டு இருந்தாத்தான் நிக்கும்னா, கால்ல அத்தனை மூட்டு எதுக்கு தம்பி? :)

#15 மூட்டுவலி

நல்லா கேட்டீங்க. பதில் யோசிச்சுட்டு வரேன்.

#16 காவலர் (மட்டுறுத்துநர்)

இழை நல்லா போகுது. வாங்க-விற்க சுட்டிகள் போட்ட ரெண்டு பதிவை நீக்கியிருக்கேன். விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கு.

#17 கப்பல்_கார்த்தி

விலையைத் தொடாம இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது, அதனால ஒரே ஒரு பதிவு. இந்தியாவுல இருந்து வாங்கறவங்களுக்குப் பொம்மை மேல சுங்கவரி 2020-ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023-ல 70. அது போக 2021 ஜனவரியில இருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்சல் நின்னா பேச்சுவார்த்தையே கிடையாது. வரி மதிப்பு மேல போடறது, மூட்டை எண்ணிப் போடறது இல்லதான், ஆனா அதிக மூட்டுள்ள ஆள் விலை அதிகம்ங்கறதால அடி அங்கதான் பலமா விழுது. ஒரு பெரிய ஆளுக்குக் கொடுக்கற வரியில ஒரு சின்ன ஆளே வாங்கிடலாம் போல. சிங்கப்பூர், கனடா நண்பர்கள் இதைப் படிச்சுட்டுச் சிரிக்க வேணாம்.

#18 சிற்பி_சிங்கை

சிரிக்கல கார்த்தி. இங்க பொம்மைக்குச் சுங்கவரி இல்ல, வீட்டுல இடம் இல்ல.

#19 ஓரிங்_ராஜா

மூட்டுவலி யோசிச்சுட்டு வர்றதுக்குள்ள நான் என் முடிவைச் சொல்லிடறேன்.

காட்சிக்கு வைக்கறவனுக்கு மூட்டு வேணும், ஆனா எது வேணும்னு பாக்கணும். முதல்ல கழுத்து. பந்துமூட்டா இருந்து தலை கொஞ்சம் சாய்ஞ்சா, கொஞ்சம் நிமிர்ந்தா, உயிர் அங்கயே வந்துடும். அடுத்தது தொடை, முன்பின் மட்டும் இல்லாம லேசா அகட்டவும் வரணும். அகட்டினா பாதம் தரையில படியணும், அதுக்குக் கணுக்கால் பக்கவாட்டுல ஆடணும். அப்படி அகட்டி நிக்கற ஆள் மேலதான் அந்தக் கணுக்கால் மூட்டுக்கு மரியாதை. மணி கேட்டதுக்கு இதுதான் என் பதில், ஸ்டாண்டு வச்சாலும் பாதம் தரையில் படியலன்னா ஆள் தொங்கற மாதிரிதான் தெரியும். கையில ஒரு முழங்கை, ஒரு மடிப்பு போதும். ரெட்டை மடிப்பு முழங்கை, மார்பு வளைவு, தோள்பட்டை உள்ள வர்றது இதெல்லாம் வாங்கின அன்னிக்கு ராத்திரி உக்காந்து ரசிக்கறதுக்கு. அப்புறம் யாரும் தொடறதில்ல. வெட்டுக்கோடு மட்டும் நிரந்தரமா நிக்கும்.

மேட்டல் 2020-ல போட்ட மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ் ஆரிஜின்ஸைப் பாருங்க. 1982 ஹீ-மேனோட குட்டைக் கால், குந்தின மாதிரி நிலை, அதே உருவம். அதுக்குள்ள கழுத்து, முழங்கை, முழங்கால், கணுக்கால்னு அடக்கமா சேர்த்தாங்க. பழைய ஹீ-மேன் மல்லுக்கட்டுக்கு வந்தவன் மாதிரி மட்டும்தான் நிப்பான். இவன் சும்மாவும் நிப்பான். சட்டை போடாத ஆள்ங்கறதால சிற்பி சொன்ன வெட்டுக்கோடு தெரியத்தான் செய்யுது, ஆனா உருவமே கார்ட்டூன் மாதிரி இருக்கறதால உறுத்தல. நிஜ மனுஷ முகம் வச்ச உடம்புல அதே வெட்டு இருந்தா உறுத்தும்.

#20 மூட்டுவலி

ராஜா அண்ணே என் பதிலை என்னைவிட நல்லா சொல்லிட்டார், ஒரு இடம் தவிர. தோள்பட்டை உள்ள வர்ற மூட்டை விட்டுட்டா ரெண்டு கையால துப்பாக்கி பிடிக்க முடியாது. ட்ரூப்பர் துப்பாக்கியை ஒரு கையில தொங்கவிட்டுட்டு நின்னா காய்கறி வாங்கப் போறவன் மாதிரி இருக்கு. கவசக்காரங்களுக்கு அது கண்டிப்பா வேணும். சட்டை போடாதவங்களுக்கு வேணாம்னா சரி, விட்டுடறேன்.

#21 ஐந்துபோதும்

விட்டுக் கொடுத்துட்டார்! தேதி குறிச்சு வையுங்க.

#22 படிக்கட்டு_பாலா

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி இருக்கறதை எல்லாம் வெளிய எடுத்து வச்சுப் பாத்தேன். இப்படிப் பண்ணலாம்னு இருக்கேன்.

கண்ணுக்கு நேரா வர்ற நடுத் தட்டு சின்ன ஆட்களுக்கு. அக்ரிலிக் படி வச்சு ரெட்ரோ கலெக்‌ஷன் வரிசையா, போஸ் எதுவும் கிடையாது. கண்ணு மட்டத்துல இருக்கறதால முகம் எங்க பாக்குதுங்கற பிரச்சனையும் இல்ல. கீழ்த் தட்டுக்குப் பிளாக் சீரிஸ், ஆனா கவசக்காரங்க மட்டும். ட்ரூப்பர், போபா ஃபெட், ஐஜி-88. தலையை நிமிர்த்தி வச்சா மேல பாப்பாங்க, மூட்டுவலி சொன்னது வேலை செய்யுது, அந்த ஒரு மாத்தத்துலயே தட்டு வேற மாதிரி ஆயிடுச்சு. அங்கி போட்டவங்களை ஆறு அங்குலத்துல வாங்கவே போறதில்ல. மேல் தட்டு காலி. தர்ஷினி சொன்ன விண்டேஜ் கலெக்‌ஷன்ல லூக்கும் வேடரும் மட்டும் வாங்கி ரெண்டு கைப் பிடி வருதான்னு பாத்துட்டு மிச்சத்தை முடிவு பண்றேன்.

சாய்ஞ்ச வில்லனை வெந்நீர்ல குளிப்பாட்டியாச்சு. இப்போதைக்கு நிக்கறார்.

#23 சிற்பி_சிங்கை

வேடருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கேப் பிளாஸ்டிக்கா துணியான்னு பாத்து வாங்குங்க. கெட்டி பிளாஸ்டிக் கேப் பின்னால இழுக்கும், மல்லாக்க விழுவார். சில சமயம் அதே கேப் தரையில முட்டி மூணாவது கால் மாதிரி தாங்கவும் செய்யும். பெட்டியைப் பிரிச்சாத்தான் தெரியும்.

#24 அச்சு_மணி

பாதத்துல ஓட்டை இருக்கும், அதுக்கு ஏத்த முளை உள்ள தட்டு ஸ்டாண்டு தனியா கிடைக்குது. முளை எல்லாத்துக்கும் ஒரே அளவு இல்ல, கம்பெனிக்குக் கம்பெனி, சைஸுக்கு சைஸ் மாறும். மொத்தமா வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு வாங்கிச் சொருகிப் பாருங்க. இறுக்கமா இருந்தா அழுத்தாதீங்க, பாதத்தை வெந்நீர்ல காட்டிட்டுச் சொருகுங்க.

#25 மூட்டுவலி

மேல் தட்டு காலின்னு சொன்னீங்களே பாலா, ரெவோல்டெக்ல ஸ்டார் வார்ஸும் வந்திருக்கு. சும்மா சொல்லி வைக்கறேன்.

#26 கப்பல்_கார்த்தி

அவரை விட்டுடுப்பா. வரி கட்டறது அவர்.